அட்டை கேட்காத கொசு

1914 ஆகஸ்ட் 15 அன்று பனாமா கால்வாய் திறக்கப்பட்டது. இரண்டு பெருங்கடல்களை இணைத்துவிட்டோம் என்று உலகம் குதூகலித்த வேளையில், பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு மட்டும் அடிவயிற்றில் புளியைக் கரைத்தது. மத்திய அமெரிக்காவைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சல் இனிமேல் கப்பலேறிப் பசிபிக்கைக் கடந்து பம்பாயிலும் சென்னையிலும் வந்து இறங்கினால் என்ன செய்வது? கால்வாய் வேலை முடிவதற்கு முன்பே, இந்திய மருத்துவப் பணியில் இருந்த மேஜர் எஸ். பி. ஜேம்ஸ் என்ற மலேரியா நிபுணரை அனுப்பி ஆராயச் சொன்னார்கள். மஞ்சள் காய்ச்சலிலிருந்து இந்தியாவைக் காப்பது பற்றி 1913-ல் அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இன்று நைரோபியிலிருந்து வந்து இறங்குகிறவரிடம் விமான நிலைய சுகாதார அதிகாரி தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்கிறார் என்றால், அதற்குப் பின்னால் இருப்பது அந்தப் பழைய பயம்தான்.

பயத்தில் நியாயம் இருந்தது. மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் டெங்கு வைரஸின் நெருங்கிய உறவு. ஊருக்குள் இதைப் பரப்புவதும் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி கொசுதான். மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு, மூடி சரியாகப் பொருந்தாத சின்டெக்ஸ் டேங்க் என்று நம் வீட்டிலேயே முட்டையிட்டு வாழ்கிற கொசு. காட்டில் இந்த வைரஸைத் தாங்கி வைத்திருப்பவை குரங்குகள். நம் மலைகளில் குரங்குக்குப் பஞ்சமில்லை. மக்களிலோ யாருக்கும் எதிர்ப்பு சக்தி கிடையாது. ஆக எல்லாம் தயாராக இருக்கிறது, வைரஸ் ஒன்றுதான் பாக்கி.

தொற்றியவர்களில் பலருக்கு மூன்று நான்கு நாள் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு, காய்ச்சல் விட்ட ஒரே நாளில் திரும்பி வரும். கண் மஞ்சளாகும், ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், சிறுநீரகம் முடங்கும். இந்த இரண்டாம் கட்டத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் பத்து நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை.

பனாமாவில் முதலில் கால்வாய் வெட்டப் போனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1881-ல் தொடங்கி எட்டே வருடத்தில் கைவிட்டார்கள். இறந்தவர்கள் 20,000 பேருக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் அள்ளிக்கொண்டு போனவர்கள் அதில் ஏராளம். அவர்கள் கட்டிய அழகான மருத்துவமனையில், எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள், நம் வீடுகளில் மீட்சேஃப் கால்களுக்கு வைத்ததைப் போல. கிண்ணத்துக்குக் கிண்ணம் கொசுப்புழு. ஒரு நோயாளியைக் கடித்த கொசு அடுத்த கட்டிலுக்குப் போக இரண்டடி பறந்தால் போதும். கொசுதான் காரணம் என்று ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொல்லியிருந்தார். அதை நிரூபித்துக் காட்ட 1900-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு வரவேண்டியிருந்தது.

தடுப்பூசியின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1927-ல் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், அசிபி என்ற இளைஞர் மஞ்சள் காய்ச்சலில் விழுந்தார். ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த ஏட்ரியன் ஸ்டோக்ஸும் தோழர்களும் அவருடைய ரத்தத்தை எடுத்து, இந்தியாவிலிருந்து வரவழைத்த ரீசஸ் குரங்குக்கு ஏற்றினார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு இந்த வைரஸ் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, காலங்காலமாகப் பழகியவை. இந்தியக் குரங்கு செத்துப்போனது. அசிபி பிழைத்துக்கொண்டார். அந்த ஆண்டே ஸ்டோக்ஸ் அதே நோயில் இறந்தார்.

அசிபியின் ரத்தத்திலிருந்து வந்த வைரஸை மேக்ஸ் தெய்லர் நியூயார்க் ஆய்வகத்தில் எலிக்கருவிலும் கோழிக்கருவிலும் திரும்பத் திரும்ப வளர்த்தார். நூறு முறைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்ததில் வைரஸ் தன் வீரியத்தை இழந்தது. ஆனால் உடம்புக்குத் தன்னை அடையாளம் காட்டும் குணத்தை இழக்கவில்லை. 1937-ல் வந்த அந்த வகைக்கு ‘17டி’ என்று பெயர். 1951-ல் தெய்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகில் எந்த மூலையில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாலும் உள்ளே போவது அந்த 17டி-யின் வாரிசுதான். இடையில் ஒரு களங்கமும் உண்டு. 1942-ல் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போட்ட ஊசியில் மனித ரத்தநீர் சேர்த்திருந்தார்கள். அதில் ஹெபடைட்டிஸ் பி கலந்திருந்ததால் ஏறக்குறைய 50,000 வீரர்கள் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்குப் போனார்கள். பிறகு ரத்தநீர் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கென்யா, உகாண்டா, நைஜீரியா, கானா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டே ஆகவேண்டும். தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனம் அப்படியொரு மையம். போகிறவர்கள் அலுத்துக்கொள்ளும் விஷயம், வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று சொல்வது. அதற்குக் காரணம் அந்தக் குப்பிதான். பொடியாக உறையவைத்த மருந்து பலருக்குப் போதுமான அளவில் ஒரே குப்பியில் வருகிறது. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒருவருக்காகக் குப்பியை உடைத்தால் மற்றவர்களின் ஊசி குப்பைக்குப் போகும்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லுபடியாகும். எதிர்ப்பு சக்தி உருவாக அவ்வளவு நாள் வேண்டும். திங்கட்கிழமை ஊசி, வியாழக்கிழமை விமானம் என்பது நடக்காது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016 ஜூலை முதல் உலக சுகாதார விதி மாறிவிட்டது. அதற்கு முன் பத்து வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டியிருந்தது. பழைய அட்டையில் காலாவதித் தேதி இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். அட்டையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். இனிஷியல் விவகாரத்தால் அல்லல்படுவது தமிழனின் தனி யோகம்.

உயிருள்ள வைரஸ் என்பதால் எல்லோருக்கும் இந்த ஊசி ஒத்துவராது. கோழி முட்டைக் கருவில் வளர்ப்பதால், முட்டை சாப்பிட்டால் மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கூடாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டி முதல்முறையாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு, ஊசி வைரஸே ஈரலையும் மற்ற உறுப்புகளையும் தாக்கும் ஆபத்து சற்று அதிகம். மொத்தத்தில் லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத பின்விளைவுதான். ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் விலக்குச் சான்று உண்டு. மகன் லாகோஸில் வேலை பார்க்கிறான், பேரனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பும் அப்பா அம்மாக்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டை இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால், அங்கிருந்து கிளம்பி ஆறு நாள் முடியும்வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. அந்த ஆறு ஆகாயத்திலிருந்து வந்த எண் அல்ல. கொசு கடித்து மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் நோய் வெளிப்பட்டுவிடும். ஏழாம் நாள் ஆரோக்கியமாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று கேட்பவர்களுக்கு அங்கோலா ஒரு பதில். 2015 டிசம்பரில் தலைநகர் லுவாண்டாவில் மஞ்சள் காய்ச்சல் வெடித்தது. அங்கே கட்டுமான வேலைகளிலும் வணிகத்திலும் சீனர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அடுத்த சில மாதங்களில் பதினொரு பேர் அந்த நோயோடு சீனாவில் போய் இறங்கினார்கள். ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் வந்தது அதுதான் முதல்முறை. நல்லவேளை, அங்குள்ள கொசுக்களுக்குத் தொற்றவில்லை. பக்கத்து காங்கோவுக்கு நோய் பரவியபோது உலகத்தின் அவசரத் தடுப்பூசிக் கையிருப்பே தீரும் நிலைக்கு வந்து, 2016 ஆகஸ்ட்டில் கின்ஷாசாவில் ஒரு ஊசியை ஐந்தாகப் பங்கிட்டுப் போட்டார்கள். ஆசியாவில் இந்த நோய் இதுவரை ஏன் பரவவில்லை என்பதற்கு அறிஞர்கள் பல ஊகங்களைச் சொல்கிறார்கள். டெங்கு வந்து போன உடம்பில் இதற்கும் கொஞ்சம் தடுப்பு இருக்கலாம். ஆசியக் கொசு இந்த வைரஸை அவ்வளவு நன்றாகச் சுமப்பதில்லையோ என்னவோ. என் கருத்தில் இந்த ஊகங்களை நம்பிக் கதவைத் திறந்துவைக்க முடியாது. கெடுபிடி இருக்கட்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த அட்டை உங்களுக்கு உதவுவதைவிட, உங்களிடமிருந்து நாட்டைக் காப்பதற்காகவே கேட்கப்படுகிறது. அதனால்தான் அதைக் கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார். ஆப்பிரிக்காவில் உங்களைக் கொல்லக்கூடிய நோய்களில் முதலிடத்தில் இருப்பது வேறு. அதற்குச் சான்றிதழ் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. ஊசி போட்டு முத்திரை வாங்கியவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகப் பெட்டி கட்டுகிறார். யாரும் சான்று கேட்காத அந்த நோய்தான் மலேரியா.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் சுமார் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆப்பிரிக்காவில். நைஜீரியா ஒன்றில் மட்டும் கால்வாசி.

“மலேரியாவா, சென்னைவாசிக்கு அது பழகினதுதானே” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆட்டிப்படைக்கும், ஆளைக் கொல்வது அபூர்வம். ஆப்பிரிக்காவில் இருப்பது ஃபால்சிபாரம். அது தொற்றிய ரத்தச் சிவப்பணுக்கள் ஒட்டும் தன்மை பெற்று நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மூளையிலும் சிறுநீரகத்திலும் ரத்த ஓட்டம் அடைபடும். காலையில் தலைவலி என்று படுத்தவர் மறுநாள் இரவு நினைவிழக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்ததில் ஓரளவு தாங்கும் சக்தி இருக்கும். அவர்கள் மாத்திரை போடாமல் நடமாடுவதைப் பார்த்து நாமும் அப்படி இருக்க முடியாது. அந்தச் சக்தியும் நிரந்தரமல்ல. அங்கே பத்து வருடம் இருந்துவிட்டு ஊரில் சில வருடம் தங்கித் திரும்புகிறவர் மறுபடியும் புது ஆள்தான்.

இதற்குத் தடுப்பு மாத்திரை. நம் நாட்டின் மலேரியா சிகிச்சை வழிகாட்டி ஆறு வாரத்துக்குக் குறைவான பயணத்துக்கு டாக்ஸிசைக்ளினைச் சொல்கிறது: கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கித் தினம் ஒன்று, திரும்பிவந்த பிறகு நான்கு வாரம். அதைவிட நீண்ட பயணத்துக்கு மெஃப்ளோகுயின்: வாரம் ஒன்று, இரண்டு வாரம் முன்பே தொடங்கி, வந்த பிறகும் நான்கு வாரம். டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ஆகாது. வெயிலில் தோல் சுடும். படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். சாப்பிட்டபின் உட்கார்ந்தபடி ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போடவேண்டும். வலிப்போ மனநலச் சிக்கலோ இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் கூடாது. அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்ற கூட்டு மருந்தும் உண்டு. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பழைய குளோரோகுயினை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்திடம் அது எடுபடாது.

வீடு வந்து சேர்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. “இங்கே அந்தக் கொசு இல்லையே, எதற்கு?” என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். கொசு கடித்ததும் கிருமி நேராக ஈரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் பெருகி, பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் ஈரலில் இருப்பதைத் தொடுவதில்லை, ரத்தத்துக்கு வருவதைத்தான் அழிக்கின்றன. கிளம்பும் நாள் இரவு விமான நிலையத்துக்குப் போகிற வழியில் கடித்த கொசுவின் கிருமி, நீங்கள் வீட்டில் மோர்க்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வெளியே வரும். அப்போது ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். அட்டோவாகுவோன் கூட்டு மருந்து ஈரலிலும் வேலை செய்வதால், அதை மட்டும் திரும்பியபின் ஏழு நாள் சாப்பிட்டால் போதும்.

மாத்திரை இருந்தாலும் கொசுவலை வேண்டும். மலேரியாவைப் பரப்பும் ஆப்பிரிக்க அனோஃபிலிஸ் கடிப்பது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, ஆள் அயர்ந்து தூங்கும்போது. ஏடிஸ் கடிப்பதோ பகலில். ஆகவே பூச்சிமருந்து தோய்த்த வலை இரவுக்கு, தோலில் தடவும் களிம்பு பகலுக்கும் மாலைக்கும். களிம்பில் டீட் என்ற கொசுவிரட்டி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நம் ஊர்க் களிம்புகள் பலவற்றில் குறைவு, அடிக்கடி தடவவேண்டியிருக்கும். மலேரியாவுக்கு இப்போது தடுப்பூசி வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, ஒன்றைப் புனே சீரம் நிறுவனமே தயாரிக்கிறது. அது அங்குள்ள குழந்தைகளுக்கு, பயணிகளுக்கல்ல.

நம் ஊர்க் கொசு வகை ஒன்றும் ஆப்பிரிக்காவில் குடியேறியிருக்கிறது. சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி, தெற்காசியாவையும் அரபு நாடுகளையும் சேர்ந்தது. 2012-ல் அது ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா. இலங்கையில் மன்னாரிலும் கண்டார்கள். ஆப்பிரிக்காவின் பழைய கொசுக்கள் பெரும்பாலும் கிராமத்துக் குட்டைகளை நம்பியவை. இது நகரத் தொட்டியில் வாழத் தெரிந்தது. மலேரியா அதிகம் தெரியாத நகரங்களுக்கு இதனால் புதுத் தலைவலி.

தடுப்பு விஷயத்தில் இலங்கையைப் பாராட்ட வேண்டும். 2012-க்குப் பிறகு சில வருடங்கள் அங்கே உள்நாட்டில் யாருக்கும் மலேரியா தொற்றவில்லை. 2016-ல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பின் வந்ததில் ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து வந்ததுதான், மடகாஸ்கர் பக்கம் ரத்தினக்கல் வாங்கப் போய்வரும் வியாபாரிகளிடமும் கண்டிருக்கிறார்கள். ஆகவே வெளிநாடு போகிறவர்களுக்கு அரசே தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும் இடத்திலேயே மாத்திரைச் சீட்டையும் கையில் கொடுத்தனுப்பினால் நம் ஊரிலும் எத்தனையோ பேர் தப்புவார்கள்.

ஊசியும் மாத்திரையும் தடுக்காத ஒன்று ஏரித் தண்ணீரில் இருக்கிறது. ஆறு குளத்தைக் கண்டால் இறங்கிக் குளிக்காமல் நம்மவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. விக்டோரியா ஏரியிலும் மலாவி ஏரியிலும் அந்த ஆசையை அடக்க வேண்டும். நத்தையிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா புழு, கண்ணுக்குத் தெரியாத அளவில் நீந்திவந்து தோலைத் துளைத்து உள்ளே போகும், காயம்கூட வேண்டாம். பிறகு சிறுநீர்ப்பை அல்லது குடல் நாளங்களில் வருடக்கணக்காகக் குடியிருக்கும். இந்தியாவில் ஏறக்குறைய இல்லாத நோய் என்பதால் நம் மருத்துவர்களுக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. இறங்கிவிட்டீர்கள் என்றால், ஊர் திரும்பி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். பிராசிகுவான்டெல் மாத்திரை நன்றாகக் கேட்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் மூளைக்காய்ச்சல் பட்டைக்கு மழையில்லாத வறண்ட காலத்தில் போகிறவர்களுக்கு மெனிங்கோகாக்கஸ் ஊசி வேண்டும். ஹஜ் பயணிகளுக்குச் சவூதி அரசு கட்டாயமாக்கியிருப்பதும் இதைத்தான். 2000-ல் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவர்கள் வழியாக அதன் ஒரு வகை பல நாடுகளுக்குப் பரவிய பிறகு, அந்த வகையையும் தடுக்கும் ஊசியே வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். டைஃபாய்டு ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் ஏ-வைப் பொறுத்தவரை, லண்டனிலிருந்து கிளம்புகிறவர்களுக்காக எழுதிய பயணக் கையேடுகளை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. குழாய்த்தண்ணீர் குடித்து வளர்ந்த நம் பெரியவர்களில் பலருக்குச் சிறுவயதிலேயே வந்து எதிர்ப்பு சக்தி இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் வளர்ந்த இளைஞர்களுக்கு இருக்காது, ஊசி அவர்களுக்குத்தான். நாய் கடித்தால் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்கு அலைய வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, வாடகை வண்டியில் சீட் பெல்ட் போடுங்கள். மக்கள்தொகை விகிதத்தில் சாலை விபத்துச் சாவு மிக அதிகமாக உள்ள கண்டம் ஆப்பிரிக்கா.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், நம் ஊர் டாக்டர் முதலில் நினைப்பது டெங்கு, அடுத்து டைஃபாய்டு. அவர்மேல் குற்றமில்லை, தினமும் அவர் பார்ப்பது அதைத்தான். கொசு கடித்து ஏழு நாளுக்குப் பிறகு ஃபால்சிபாரம் தலைகாட்டும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம்வரைகூட. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் வரலாம். எனவே எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், “டாக்டர், நான் ஆப்பிரிக்கா போய்வந்தேன்” என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்று வந்து காய்ச்சல் விடாவிட்டால், மறுநாளும் பாருங்கள்.